ஹனுக்கா ஒன்றுகூடல், உதவித் திரட்டல்: எந்த இரவு, என்ன சாப்பாடு, எப்படிக் கொடுப்பது?

மேப்பிள்தெரு கேட்டது:

வணக்கம். நியூ ஜெர்சியில் எங்கள் குடியிருப்புச் சங்கமும் பக்கத்து யூதத் தொழுகைக்கூடமும் சேர்ந்து 2026 ஹனுக்காவுக்கு (எட்டு இரவுகள், இரவுக்கொரு விளக்கு கூட்டி ஏற்றும் யூதப் பண்டிகை) ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப்போகிறோம். விளக்கேற்றுவதும் ஆசி சொல்வதும் அவர்கள் பொறுப்பு. இடம், சாப்பாடு, உதவிப் பொருள் திரட்டுவது சங்கத்தின் பொறுப்பு. சுமார் 60 பேர் வருவார்கள், அதில் 20 குழந்தைகள். பாதிப் பேர் யூதக் குடும்பங்கள், கோஷர் (யூத உணவு விதி) கண்டிப்பாகப் பார்ப்பவர்களும் உண்டு.

இப்போதைக்குப் பேசி வைத்திருப்பது: டிசம்பர் 4 வெள்ளி, முதல் இரவு, மாலை 6:30. ஒவ்வொரு வீட்டிலும் லாட்கே (எண்ணெயில் சுடும் உருளைக்கிழங்கு அடை) சுட்டு எடுத்து வருவது. வரும்போது ஆளுக்கொரு பொம்மையும் ஒரு டின் உணவும் கொண்டுவந்து, மேடையில் வைத்தே தேவைப்படும் குடும்பங்களிடம் கொடுப்பது. இதில் எது சரிவரும், எது வராது?

கிழக்குவாசல்:

நாளை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. டிசம்பர் 4 முதல் இரவுதான், ஆனால் வெள்ளிக்கிழமை. உங்கள் பக்கம் அன்று சூரியன் மறைவது ஏறக்குறைய 4:28. சபாத் (வெள்ளி மாலை தொடங்கிச் சனி இருட்டும் வரை யூதர்களின் ஓய்வுநாள்) விளக்கை அதற்கு 18 நிமிடம் முன்பே ஏற்றிவிடுவார்கள். ஹனுக்கா விளக்கு அதற்கும் முன்னால். 6:30க்கு நீங்கள் தீக்குச்சி உரசும்போது சபாத் அனுசரிப்பவர் எவரும் கார் ஓட்டி வரமாட்டார், விளக்கேற்றமாட்டார், உண்டியலில் காசும் போடமாட்டார். நிகழ்ச்சியின் இரண்டு காரியமும் அந்த இரவில் நடக்காது.

எட்டு இரவுகள் டிசம்பர் 4 முதல் 11 வரை. 11ஆம் தேதியும் வெள்ளிதான். சனி 5 என்றால் இருட்டிச் சபாத் முடிந்து, வீட்டில் ஹவ்டாலா (சபாத்தை முடிக்கும் சடங்கு) சொல்லி, அங்கே விளக்கேற்றிவிட்டு வரவேண்டும். குழந்தைகளுக்குத் தூக்கம் வந்துவிடும். ஞாயிறு 6, மூன்றாம் இரவு. அதை எடுங்கள்.

அன்று 4:30க்குக் கதவு திறந்து 5:15க்கு விளக்கேற்றலாம். இருட்டியபின் ஏற்றினால் குறைந்தது அரைமணி எரியவேண்டும் என்பது முறை. கடையில் பெட்டியாக வரும் மெல்லிய மெழுகுவர்த்தி ஏறக்குறைய அந்த நேரத்துக்குத்தான் தாங்கும். பாட்டும் இரண்டொரு வார்த்தைப் பேச்சும் அந்த அரைமணிக்குள் அடங்கட்டும். படத்துக்கு அழகாக இருக்கும் என்று அரங்க விளக்குகளை அணைத்துவிடாதீர்கள். ஹனுக்கா வெளிச்சத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒன்பதாவதாக ஷமாஷ் (மற்றவற்றை ஏற்றும் துணைத்திரி) தனியே உயரத்தில் நிற்பதற்கும் அதுவே காரணம். இருட்டில் அந்த ஒளியை வைத்துத் தட்டும் கரண்டியும் தேடும்படி ஆகக் கூடாது.

திரிகளை வலப்பக்கத்திலிருந்து இடமாக வைத்து, இடக்கோடியில் உள்ள அன்றைய புதுத் திரியில் தொடங்கி ஏற்றுவார்கள். இணையத்தில் எடுத்து அச்சடிக்கும் தாள்களில் பெரும்பாலும் முதல் இரவுக்கான மூன்று ஆசிகளும் இருக்கும். மூன்றாம் இரவுக்கு வழக்கமாக இரண்டுதான். அச்சுக்குப் போகுமுன் தாளை ரபியிடம் (யூத மதகுரு) காட்டிவிடுங்கள்.

பொது இடத்தில் பார்த்தது வீட்டுக் கணக்கில் சேராது. குடும்பங்கள் திரும்பிப்போய்த் தங்கள் வீட்டிலும் ஏற்றவேண்டும். ஏழு மணிக்குமேல் இழுக்காதீர்கள்.

எண்ணெய்ச்சட்டி:

வீட்டில் சுட்டு எடுத்து வருகிற யோசனையை விட்டுடுங்க. உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, எண்ணெய், உப்பு. இதுல என்ன தப்புன்னு தோணும். பொருள்ல தப்பு இல்ல, பாத்திரத்துலதான். கோஷர் இல்லாத சமையலறையில, மத்த கறி வறுத்த வாணலியில சுட்டதைக் கோஷர் பார்க்கிறவங்க தொடமாட்டாங்க. பாதிப் பேர் சாப்பிட, பாதிப் பேர் சும்மா நிக்கறதுக்கு எதுக்கு விருந்து? ரெண்டே வழி. ஹெக்ஷெர் முத்திரை (கோஷர் சான்று) போட்டு மூடி வந்த பொருளை வாங்கறது, இல்லைன்னா தொழுகைக்கூடத்துச் சமையலறையில அவங்க மேற்பார்வையில சுடறது. அடுப்பை அவங்க ஆளே பத்தவைக்கணும்னு சொல்வாங்க, அதை அவங்ககிட்டயே விட்டுடுங்க. தட்டு, கரண்டி எல்லாம் காகிதமும் பிளாஸ்டிக்கும் புதுசா இருக்கட்டும்.

60 பேருக்கு 150 லாட்கே போதும். ஒரு கிலோ கிழங்குக்கு உள்ளங்கை அளவுல 20, 22 வரும். அதனால ரஸ்ஸெட் கிழங்கு 7½ கிலோ, பெரிய வெங்காயம் 8, முட்டை 15, மாட்சா மாவு (புளிக்காத ரொட்டியோட தூள்) கிலோவுக்கு 4 மேசைக்கரண்டி, உப்பு கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி. எண்ணெய் 5 லிட்டர் கையில இருக்கட்டும். முட்டையை ஒவ்வொண்ணா கண்ணாடிக் கிண்ணத்துல உடைச்சு ரத்தப் புள்ளி இருக்கான்னு பார்ப்பாங்க. எல்லாத்தையும் நேரா ஒரே பாத்திரத்துல உடைச்சு ஊத்தி, கடைசி முட்டையில புள்ளி இருந்தா மொத்தமும் போச்சு.

கிழங்கையும் வெங்காயத்தையும் மாத்தி மாத்தித் துருவினா கறுக்கறது குறையும். துணியில கட்டி முறுக்கிப் பிழியுங்க. பிழிஞ்ச தண்ணியைக் கொட்டிடாதீங்க. பத்து நிமிஷத்துல அடியில வெள்ளையா மாவு படியும்; மேல் தண்ணியை மட்டும் வடிச்சுட்டு அந்த மாவைத் துருவல்ல சேருங்க, லாட்கே உடையாம பிடிச்சு நிக்கும். உப்பு கடைசியில, சுடறதுக்குச் சற்று முன்னாடிதான். முன்னாடியே போட்டா மறுபடி தண்ணி விட்டு, தளர்ந்த வடைமாவு மாதிரி எண்ணெயைக் குடிச்சிடும். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். ஒரு வாணலியில அஞ்சுக்கு மேல போட்டா சூடு இறங்கி வெளியே வெளிறி, உள்ளே சொதசொதன்னு இருக்கும். எடுத்ததைக் கம்பி வலை மேல வைங்க. காகிதத்துல அடுக்கினா அடிப்பக்கம் ஆவியில நமத்துடும்.

அன்னைக்கே 150 சுடற வேலை வேண்டாம். வியாழனே சுட்டு உறைவிச்சு, ஞாயிறு 200 டிகிரி ஓவன்ல பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வைச்சா மொறுமொறுப்பு திரும்பிடும். தொட்டுக்க ஆப்பிள் கூழ். கோஷர்ல இறைச்சியும் பாலும் சேராது; இறைச்சி வைக்கறதா இருந்தா புளிப்பு கிரீம் கூடாது, பால் கலந்த சாக்லேட் காசும் (காசு வடிவ மிட்டாய்) கூடாது. பேசாம இறைச்சியே வேண்டாம்னு வைச்சா பாதித் தலைவலி போச்சு. சுஃப்கனியாவை (ஜாம் வைச்ச டோநட்) வாங்கிடுங்க, 60 பேருக்கு அதைச் சுடறது தேவையில்லாத வீரம்.

நெய்தல்மணல்:

சாப்பாடு பிழைத்தால் ஒரு மாலை கெடும். கொடுப்பது பிழைத்தால் வாங்கியவருக்கு மனசு கெடும். மேடை யோசனையை அடியோடு எடுத்துவிடுங்கள்.

மைமோனிடீஸ் என்ற இடைக்கால யூத அறிஞர் தம்முடைய மிஷ்னே தோரா என்ற சட்டநூலில் கொடையை எட்டுப் படியாக வைத்திருக்கிறார். கொடுப்பவர் யாரென்று வாங்குபவருக்கும், வாங்குபவர் யாரென்று கொடுப்பவருக்கும் தெரியாமல் கொடுப்பது மேலிருந்து இரண்டாவது. அதற்கும் மேலே ஒன்றுதான்: கடனோ வேலையோ கூட்டுத்தொழிலோ கொடுத்து, அவர் இனிக் கையேந்தாமல் ஆக்குவது. கேட்டபின் கொடுப்பதும், முகம் சுளித்துக் கொடுப்பதும் கீழ்ப்படிகள். மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே நூலில் ஹனுக்கா பற்றிய பகுதியில் இன்னொன்றும் சொல்கிறார்: பிறர் கொடையில் பிழைப்பவரும்கூட உடுப்பை விற்றோ கடன் வாங்கியோ எண்ணெயும் விளக்கும் வாங்கி ஏற்றவேண்டும். அப்படியானால் அந்த நிலைக்கு ஒருவரை விடாமல் பார்ப்பதுதான் இந்தப் பண்டிகையின் முதல் உதவி. பொம்மை அதற்குப் பிறகு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பை: தகர மெனோரா (ஹனுக்கா விளக்குத்தண்டு) ஒன்று, 44 மெழுகுவர்த்திப் பெட்டி ஒன்று (எட்டு நாள் திரிகள் 36, ஷமாஷ் 8), தீப்பெட்டி, ஒரு லிட்டர் எண்ணெய், இரண்டரைக் கிலோ கிழங்கு, வெங்காயம், ட்ரெய்டல் (விளையாட்டுப் பம்பரம்), சாக்லேட் காசு.

இந்த வருஷம் அந்தப் பையில் இன்னொன்றும் வேண்டும். கிழக்குவாசல் சொன்ன வெள்ளிக் கணக்கைப் பாருங்கள். 4:10க்கு முன் ஏற்றியது இருட்டிய பிறகும் அரைமணி, அதாவது 5:40 வரைக்கும் எரியவேண்டும். பெட்டியிலுள்ள மெல்லிய திரி 4:40க்கே அணைந்துவிடும். இரண்டு வெள்ளிக்கும் சேர்த்து 9 பெரிய தேநீர்விளக்கு மெழுகுகள் போடுங்கள்: முதல் இரவுக்கு 1, எட்டாம் இரவுக்கு 8. மெனோராவில் உட்காராவிட்டால் உலோகத் தட்டில் ஒரே மட்டமாக, நேர்வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

பை முதல் இரவுக்கு முன் வீடு சேரவேண்டும். ஞாயிறு 6 அன்று திரட்டினால் இரண்டு இரவு போயிருக்கும். நவம்பர் 26 நன்றி நவிலல் நாள், அந்த வாரம் ஊரில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். ஆகவே திரட்டல் நவம்பர் 18க்குள் முடியட்டும். டிசம்பர் 1, 2இல் பைகள் போய்ச்சேரட்டும். யார் வீட்டுக்கு என்பது யூதக் குடும்ப நலச் சேவை அமைப்பிடமோ ரபியிடமோ மட்டும் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை, குழந்தைகளின் வயது, கோஷர் தேவை, அவ்வளவே.

பொம்மைகள் புதியவையாக, காகிதம் சுற்றாமல் வரட்டும். பெற்றோரே தேர்ந்து, அவர்களே சுற்றிக் கொடுத்தால் பிள்ளைக்கு அது அம்மா அப்பா கொடுத்தது. எங்கும் இரண்டு வயதுக்காரர்களுக்குக் குவியும், பதினைந்து வயதுக்காரர்களுக்கு ஒன்றும் இராது. அவர்களுக்கு அன்பளிப்பு அட்டை வாங்குங்கள். டின் உணவு வேண்டாமென்றே சொல்வேன். கோஷர் முத்திரை பார்க்காமல் வாங்கியதைப் பிரித்து ஒதுக்குவதற்கே ஆள் தேவைப்படும். உணவு வங்கி மொத்த விலைக்கு வாங்கும், பணமாகக் கொடுங்கள்.

அப்போ ஞாயிறு என்ன செய்வது? நுழைவாயிலில் ஒரு புஷ்கே (கொடை உண்டியல்) வையுங்கள். 18 டாலரும் அதன் மடங்குகளும் வழக்கமான தொகைகள். 36 என்றால் திரிகளின் எண்ணிக்கையும் கூடவே வரும். குழந்தைகள் ட்ரெய்டல் ஆடிச் சேர்த்த சில்லறையும் அதில் விழட்டும். தொகையை வரிவிலக்குப் பதிவு பெற்ற அமைப்பின் பெயரிலேயே வாங்குங்கள், சங்கச் செயலாளரின் சொந்தக் கணக்கில் வேண்டவே வேண்டாம். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவர் வரிக்கழிவு கேட்க, அமைப்பின் எழுத்துமூல ஒப்புகை தேவை.

கிழக்குவாசல்:

ஒரு சேர்க்கை. ரிஃபார்ம் (யூத மதத்தின் தாராளப் பிரிவு) தொழுகைக்கூடங்கள் சிலவற்றில் ஆறாம் இரவைக் கொடைக்கென்று வைப்பார்கள். அன்று வீட்டில் பரிசு கிடையாது, அந்தத் தொகை வெளியே போகும். இந்த முறை அது புதன் 9. ஞாயிறு கொடுக்காதவர்களுக்கு அன்று ஒரு நினைவூட்டல் அனுப்பினால் போதும். ஞாயிறே வற்புறுத்தாதீர்கள்.

மேப்பிள்தெரு:

ஞாயிறு 6 என்று முடிவாகிவிட்டது, பைகளும் டிசம்பர் 1க்கு. இன்னும் இரண்டு சந்தேகம். புல்வெளியில் பெரிய மெனோரா வைக்கலாமா, காற்று அடிக்குமே? பக்கத்து முதியோர் இல்லத்துக்கும் பிள்ளைகளோடு போகலாமென்று சிலர் சொல்கிறார்கள்.

பனிக்கூரை:

வைக்கலாம். 1974இல் பிலடெல்பியா சுதந்திர மண்டபத்தின் முன் சபாத் (Chabad) என்ற யூத இயக்கத்தினர் ஏற்றியதிலிருந்து பொதுவெளி மெனோரா அமெரிக்காவில் பரவியது. இயக்கத்தின் பெயர் வேறு, ஓய்வுநாள் வேறு. ஒலிபெயர்ப்பில்தான் ஒன்றாகத் தெரிகிறது.  20 முழத்துக்கு, அதாவது சுமார் 9 மீட்டருக்கு மேல் சுடர் போகக் கூடாது என்பது வரம்பு. உங்களுக்கு 6 அடி போதும், ஏணிக்கு ஆள் தேட வேண்டாம்.

காற்றில் கவனிக்கவேண்டியது, ஏற்றும் நொடியிலேயே அரைமணி தாங்கக்கூடிய நிலையில் விளக்கு இருக்கவேண்டும். நல்ல மறைவில் ஏற்றி, எதிர்பாராமல் அணைந்தால் மறுபடி ஆசி சொல்லத் தேவையில்லை. காற்று அணைத்துவிடும் என்று தெரிந்தே திறந்தவெளியில் ஏற்றினால் ஏற்றியதாகவே ஆகாது. ஆகவே மெழுகுவர்த்தி வேண்டாம். கண்ணாடிக் கூண்டுக்குள் எண்ணெய்விளக்கு. ஒவ்வொரு கூண்டுக்கும் அடியில் காற்றுத்துளை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சுடர் மூச்சுத்திணறி அணையும். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று, குழந்தைகளுக்கு ஒரு மீட்டர் தள்ளிக் கயிறு.

முதியோர் இல்லத்தில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், திறந்த தீயை விடமாட்டார்கள். மின்சார மெனோரா கொண்டுபோங்கள். அதன்மேல் ஆசி சொல்வதைப் பெரும்பாலான ரபிகள் ஏற்பதில்லை, பாடலோடு நிறுத்திக்கொள்ளலாம். லாட்கே, சுஃப்கனியா கொடுக்குமுன் செவிலியரிடம் பட்டியல் வாங்குங்கள்: விழுங்கச் சிரமப்படுபவர், சர்க்கரை உள்ளவர் யார் யார் என்று.

2025 டிசம்பர் 14 அன்று சிட்னி போண்டை கடற்கரையில் ஹனுக்கா கூட்டத்தின்மீது தாக்குதல் நடந்தபின் தொழுகைக்கூடங்கள் பாதுகாப்பை இன்னும் கறாராகப் பார்க்கின்றன. முன்பதிவுப் பட்டியல், உள்ளே வர ஒரே வாசல், உள்ளூர்க் காவல்துறைக்கு இரண்டு வாரம் முன் தகவல் என்று கேட்பார்கள். புல்வெளி என்றால் ஒரே வாசல் கிடையாது. அதையும் வைத்து அவர்களோடு பேசிவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.