'தி எக்ஸ்பான்ஸ்' விண்வெளித் தொடர் 5ஆம் சீசன்: நவோமி ஸ்பேஸ்சூட் இல்லாமல் தாவும் காட்சி (7, 8, 10ஆம் எபிசோட், ஸ்பாய்லர் உண்டு)

நிலாக்கல்:
5ஆம் சீசன் 7ஆவது எபிசோட் முடிவுல, பெல்லாங்கிற கப்பலிலிருந்து செட்ஸெமோகாங்கிற கப்பலுக்கு நவோமி ஸ்பேஸ்சூட் இல்லாமலே தாவுறாங்க. தாவுறதுக்கு முன்னாடி ஆக்ஸிஜன் ஏத்தின ரத்தம்னு ஒரு ஊசி. காட்சி மிரட்டல், சந்தேகமே இல்லை. ஆனா மூணு கேள்வி:

1. வெற்றிடத்துல ரத்தம் கொதிக்காதா?
2. அந்த ஊசி நிஜத்துல வேலை செய்யுமா?
3. ஒரே உந்துல ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குப் போய்ச் சேர முடியுமா?

"கதைதானே, விடு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வேகம் குறைக்கக் கப்பலையே திருப்பிப் போட்டு எஞ்சினை எரிக்கணும்னு காட்டுற தொடர் இது. அதுகிட்ட இதைக் கேட்காம வேற யார்கிட்ட கேட்கிறது?

சுற்றுவட்டம்:
முதல் கேள்விக்கு: கொதிக்காது. 37 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் அழுத்தம் சுமார் 6.3 கிலோபாஸ்கலுக்குக் கீழே போக வேண்டும். பூமியில் அது ஏறத்தாழ 19 கிலோமீட்டர் உயரம். வெற்றிடத்தில் அதைவிடவும் குறைவு என்பது சரிதான். ஆனால் ரத்தம் திறந்த பாத்திரத்தில் இல்லை. நாளச் சுவரும் தோலும் சேர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. கொதிப்பது வெளியே தெரியும் ஈரம்: நாக்கின் எச்சில், கண்ணின் நீர். 1966இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஸ்பேஸ்சூட் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்கின் குழாய் கழன்று அழுத்தம் போய்விட்டது. சுமார் 14 விநாடியில் மயங்கினார். அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதான். பெரிய பாதிப்பில்லாமல் பிழைத்தார்.

தோலுக்கடியில் உள்ள நீர் ஆவியாகி உடல் வீங்கும். 1960இல் பலூனிலிருந்து குதித்த ஜோ கிட்டிங்கருக்கு வலது கையுறையில் அழுத்தம் போய், கை இருமடங்காக வீங்கியது. கீழே இறங்கியதும் சரியாகிவிட்டது. உடனே உறைந்து போவதெல்லாம் சினிமா வழக்கம். வெற்றிடம் ஒரு பிளாஸ்க் மாதிரி, வெப்பத்தைச் சட்டென்று கடத்தாது.

இனி ஊசி. தொடர் சறுக்கும் இடம் இதுதான். வெற்றிடத்தில் நினைவு தப்புவதற்குக் காரணம் மூச்சு நின்றது மட்டுமல்ல, நுரையீரல் தலைகீழாக வேலை செய்வது. காற்றறைகளில் ஆக்ஸிஜன் இல்லாததால், அங்கே வந்து சேரும் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் வெளியே போகத் தொடங்கும். அப்படி வெறுமையான ரத்தம் மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய பத்து விநாடி. தண்ணீருக்குள் மூச்சடக்கினால் நிமிடக்கணக்கில் தாங்கலாம், இங்கே விநாடிக்கணக்குதான் என்பது இதனால்.

சிரையில் போடும் எந்த ஊசியும் முதலில் இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல், பிறகு இடப்பக்கம், அதன் பிறகுதான் மூளை. அதாவது நவோமி ஏற்றிக்கொண்ட ஆக்ஸிஜன், மூளையைப் பார்க்கும் முன்பே ஆக்ஸிஜனை உறிஞ்சித் துப்பும் அந்த நுரையீரலைக் கடந்தாக வேண்டும். சுங்கச்சாவடி நடுவழியில் இருக்கிறது.

அளவும் உதைக்கிறது. மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. ஆக்ஸிஜன் வேண்டும், 15 விநாடிக்கு 12 மி.லி. என்று வையுங்கள். 100 மி.லி. ரத்தம் தூக்குவதே 20 மி.லி. ஆக்ஸிஜன்தான், ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கிறது. ஆக 20 மி.லி. பிடிக்கும் சாதாரண ஊசியில் 4 மி.லி. ஆக்ஸிஜன். சாதாரண ரத்தத்தைப் போலப் பல மடங்கு தூக்கும் ஒரு பொருள் இருந்தால் ஒழிய ஒன்றும் நடக்காது.

பெல்ட்டர்_பக்கம்:
சுங்கச்சாவடி உவமை நல்லா இருக்கு, ஆனா தீர்ப்பு ரொம்பக் கடுமை. 2012ல பாஸ்டன்ல, கொழுப்பு உறைக்குள்ள ஆக்ஸிஜன் வாயுவை அடைச்ச நுண்துகள்களை முயல்களுக்குச் சிரை வழியா ஏத்தினாங்க. மூச்சுக்குழாயை முழுசா அடைச்சும் 15 நிமிஷம் உயிரோட வெச்சிருந்தாங்க. எழுதினவங்களுக்கு அடிப்படையே தெரியலைன்னு சொல்ல முடியாது.

மூணாவது கேள்விக்கு என் கணக்கு. நின்ன இடத்திலிருந்து அரை மீட்டர் எம்புற ஆளோட கால் உந்து நொடிக்கு 3 மீட்டர் வேகம் தரும். 15 நொடிக்கு 45 மீட்டர். ரெண்டு கப்பலும் ஒண்ணுக்கொண்ணு நகராம நிக்கிற வரைக்கும் இது போதும். ஒரு கப்பல் நொடிக்கு அரை மீட்டர் விலகினாலே, சேரும்போது ஏழெட்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். நடுவுல திருத்த வழியே இல்லை, அங்க நீச்சலடிச்சா எதுவும் நகராது.

இதைவிட ஆபத்து சுழற்சி. உந்துற கோடு உடம்போட நிறைமையம் வழியாப் போகலைன்னா உருள ஆரம்பிச்சிடும். எதிர்ப்பக்கம் கைப்பிடி கிட்ட வரும்போது முதுகு காட்டிட்டு இருந்தா அவ்வளவுதான். ரெண்டு காலும் ஒரே நேரத்துல, ஒரே பலத்துல உதைக்கணும்.

சுற்றுவட்டம்:
அந்த முயல் சோதனையில் மூச்சுக்குழாய் அடைக்கப்பட்டிருந்தது, காலியாக்கப்படவில்லை. நுரையீரலுக்குள் அழுத்தம் இருந்தது. வெற்றிடத்தில் அழுத்தம் விழும்போது அதே வாயுத் துகள்கள் விரிந்து உடையக்கூடும். இரண்டும் ஒன்றல்ல. நுரையீரலைத் தவிர்க்கக் கழுத்துத் தமனியில் நேரடியாக ஏற்றலாம். ஏர்லாக்கில் (கப்பலின் வெளிக்கதவு அறையில்) நின்றபடி, தனக்குத்தானே, யாராவது செய்து காட்டட்டும்.

தாவுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வாயைத் திறந்து மூச்சை முழுக்க வெளியே விடுவது. அடக்கிவைத்தால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும், குமிழிகள் ரத்தத்துக்குள் புகும். வேகவேகமாக மூச்சிழுத்துத் தயாராவதும் தவறு. ஆக்ஸிஜன் பெரிதாக அதிகரிக்காது, கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து மூளைக்குப் போகும் ரத்த நாளங்கள்தான் சுருங்கும்.

நிலாக்கல்:
அப்போ 8ஆவது எபிசோடுல காத்தில்லாத பகுதிக்குள்ள திரும்பத் திரும்பப் போய் வர்றது? அது இன்னும் மோசமா?

சுற்றுவட்டம்:
நேரத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்குள் திரும்பினால் சமாளிக்கலாம். மீளும்போது நன்றாக மூச்சிழுத்தால் ரத்தம் விரைவில் நிறைந்துவிடும். உண்மையான தொல்லை நைட்ரஜன். கப்பலில் பூமி மாதிரியான காற்று இருந்தால், அழுத்தம் விழும்போது திசுவில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டு வலி, கை கால் மரப்பு வரும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே போகிறவர்கள் முன்கூட்டியே சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசிப்பது இதற்காகத்தான், அதுவும் சூட்டுக்குள் சுமார் 30 கிலோபாஸ்கல் அழுத்தம் இருக்கும்போதே. நவோமி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் முன்னைவிடத் தடுமாறுவதாகக் காட்டியிருப்பது, வேண்டுமென்றே செய்தார்களோ என்னவோ, சரியாக அமைந்துவிட்டது.

கோளறு_பதிகன்:
எல்லாரும் உடம்பையே பேசுறீங்க. 8ஆவது எபிசோடோட உச்சமே அந்த ரேடியோ வேலைதான். வில்லன் மார்க்கோ, காப்பாத்த வர்றவங்களைப் பொறியில சிக்கவைக்க நவோமி குரல்ல ஒரு போலி அபாயச் செய்தியைச் சுத்தவிட்டிருக்கான். அவங்களால அதை நிறுத்த முடியலை, புதுசாப் பேசவும் முடியலை. முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு: ஒலிபரப்பைச் சில நொடி அறுத்து அறுத்து விடுறது. வார்த்தையை அழிக்கலாம், வரிசையை மாத்த முடியாது. ஆங்கிலத்துல "ஐ ஆம் இன் டிஸ்ட்ரெஸ்" (ஆபத்தில் இருக்கிறேன்)னு சொல்ற வாக்கியத்துல 'இன்' வரைக்கும் விட்டு, நடுவுல இருக்கிறதை விழுங்கி, 'கட்டுப்பாடு இல்லை'ன்னு முடியிற வாக்கியத்துல 'கன்ட்ரோல்'ங்கிற சொல்லை மட்டும் விட்டா, அர்த்தம் "கட்டுப்பாட்டில் இருக்கிறேன்"னு புரண்டுடும். உதவிக்கு வராதேன்னு சொல்றதுக்குச் சமம். தமிழ்ல இந்த வித்தை எடுபடாது, நம்ம 'இல்லை' வாக்கியத்தோட கடைசியில வந்து உட்கார்ந்துக்கும்.

ஆபத்துல கிடக்கிற நவோமி "நான் கட்டுப்பாட்டில் இருக்கிறேன்"னு சொல்றது இயல்பாவே இல்லையேன்னு அவங்க காதலன் ஹோல்டன் சந்தேகப்பட்டே ஆகணும். செய்தி வேலை செய்றதே அந்தச் சந்தேகத்துனாலதான்.

பெல்ட்டர்_பக்கம்:
10ஆவது எபிசோடுல விமானி அலெக்ஸ் சாவைப் பத்தி ஒண்ணு. பக்கவாதம்னு திடீர்னு கொண்டு வந்துட்டாங்கன்னு பலர் திட்டுறாங்க. அதிக முடுக்கத்தைத் தாங்கப் போட்டுக்கிற அந்த ஜூஸ் ஊசியும், முடுக்கத்தோட ஆபத்தும் முதல் சீசன்லயிருந்தே இருக்கு. மல்லாந்து படுத்த நிலையில, முடுக்கம் நெஞ்சிலிருந்து முதுகுப் பக்கம் அழுத்துற மாதிரி இருந்தா மனுஷன் நல்லாவே தாங்குவான். எதிர்த்திசையில கூட, 1954ல ராக்கெட் வண்டி சடார்னு நின்னப்போ ஜான் ஸ்டாப் 46 ஜி (பூமி ஈர்ப்பைப் போல 46 மடங்கு) வரைக்கும் தாங்கினார், ஆனா அது கண்சிமிட்டுற நேரம், அதுக்கே கண்ணுல ரத்தக் கசிவு. மணிக்கணக்கில தொடர்ந்து எரிச்சா நாளங்களோட கதி வேற. விதி அதேதான், பெயர் தெரிஞ்ச ஆளுக்கு நடந்ததால வலிக்குது.