எண்ணூர் கழிவெளியில் அலையாத்தி நட வந்தவர்களோடு உங்கள் அனுபவம்?

கத்திவாக்கம்_பொண்ணு:
போன வருஷம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. கொசஸ்தலையாற்றில் நடவுக்கு முந்தைய கருத்துக் கேட்புக் கூட்டம். அறிக்கையைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் வைத்ததே தண்ணீர் வற்றிய நேரத்தில். கையால் இறால் பிடிப்பவர்களுக்கு அதுதானே வேலை நேரம்? ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். ஆற்றிலிருந்து நேராக வந்த ஒரு அம்மா, இறால் போடும் பறியை வாசலில் வைத்துவிட்டு, சுவரில் இருந்த வரைபடத்தில் நடவுக்காகப் பச்சை அடித்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "நாங்க எறங்குற எடம் இதாம்மா. இங்க வேலி வருமா?" விரல் பட்ட இடத்தில் சேறு ஒட்டிக்கொண்டது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். "குறித்துக்கொள்கிறோம்" என்றார்கள். அப்புறம் டீ, பிஸ்கட், கூடவே வருகைத் தாள். பின்னால் அறிக்கையைப் பார்த்தால் அதே தாள் 'மக்கள் ஒப்புதல்' என்ற தலைப்பில் இருக்கிறது. அந்த அம்மாவின் கைநாட்டும் இருக்கிறது, கேள்வி இல்லை.

முகத்துவாரத்துக்காரன்:
நடுவதைக் குறை சொல்லாதீங்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, பக்கெட்டும் மக்குமாக நாங்கள்தான் அள்ளினோம். அலையாத்தி வேரெல்லாம் தார் பூசின மாதிரி நின்றது. அந்த வேர் இல்லாவிட்டால் இறால் குஞ்சு எங்கே ஒதுங்கும்?

சேத்துக்கால்:
அண்ணா, நடவே கூடாது என்று அவங்க எங்கே சொன்னாங்க? இடம்தான் கேள்வி. எங்கள் பக்கம் 'காலி இடம்' என்று சேற்றுத் திட்டில் நட்டார்கள். மட்டி எடுப்பதும் அங்கேதான், உள்ளான் பறவை மேய்வதும் அங்கேதான். நாளெல்லாம் தண்ணீர் நிற்கும் தாழ்வில் நாற்று எப்படிப் பிழைக்கும்? ஆறு மாதம் கழித்துப் போனால் முட்டுக் கொடுத்த குச்சிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் காக்கா ஆழி, அதான் வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய மட்டி, கொத்துக் கொத்தாக. ஆற்றுத் தரையை மூடி இறாலைப் புதைய விடாமல் செய்கிற அதே ஆழிக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

பழவேற்காடு_பஸ்:
நான் ஒரு கணக்கெடுப்பில் வேலை பார்த்தேன். படகு இருந்தால்தான் 'மீனவர்' என்று எழுதச் சொன்னார்கள். கையால் பிடிக்கும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் அப்படியே விட்டுப்போயின.

சரி, இனிமேல் கூட்டத்துக்குப் போகிறவர்கள் முதலில் பணம் யாருடையது என்று கேளுங்கள். உலக வங்கியின் முதலீட்டுத் திட்டக் கடன் என்றால், 2018 அக்டோபரிலிருந்து வரும் புதிய திட்டங்களுக்கு 10 சுற்றுச்சூழல், சமூகத் தரநிலைகள் உண்டு. அதில் 5-வது தரநிலை, வீடு காலி செய்வதை மட்டும் பேசவில்லை. திட்டத்துக்காக நிலத்தை எடுத்தோ, நிலத்தையும் வளத்தையும் பயன்படுத்த விடாமல் தடுத்தோ பிழைப்பு போனால் அதையும் மீட்டுத் தர வேண்டும். 7-வது பழங்குடிகளுக்கானது. அவர்கள் வழிவழியாகப் பயன்படுத்தும் வளத்துக்குப் பாதிப்பு வருமென்றால், முன்கூட்டியே விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் சம்மதம் வாங்க வேண்டும். டீயோடு வரும் வருகைத் தாள் சம்மதம் ஆகாது. 10-வது மக்களோடு பேசுவது பற்றியது, புகார் சொல்ல ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதனால் கேள்வியை வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கூட்ட நேரத்தைத் தண்ணீர் ஏறும், வற்றும் நேரம் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் இறங்குதுறை, வலை காயவைக்கும் இடம், நடைபாதை எல்லாவற்றையும் குறித்த பிறகுதான் பச்சை அடிக்க விட வேண்டும். காக்கா ஆழியைத் தோண்டி எடுக்கும் வேலைக்கும் இதேதான், எடுத்த சேற்றை எங்கே கொட்டுவார்கள் என்று முன்பே கேளுங்கள்.

கத்திவாக்கம்_பொண்ணு:
பணம் யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அம்மாவைப் போன வாரம் பார்த்தேன். வேலியைச் சுற்றிக்கொண்டு போய் இறங்குகிறார். என்னை அடையாளம் தெரிந்து நின்றார். "அன்னிக்குக் கேட்டேனே, எழுதிக்கினாங்களாமா?"