‘சரசம்’ இன்று எந்த அர்த்தத்தில் புழங்குகிறது?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. ஒரு சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் ‘ஃப்ளர்ட்’ என்ற சொல்லில் நான்கு நாளாகச் சிக்கி நிற்கிறேன்.

முதலில் ‘சரசம்’ என்று எழுதினேன். ‘சரச’ என்றால் வடமொழியில் சுவையோடு கூடியது என்றுதான் பொருள். ஆனால் தமிழில் ‘சரசமாடினான்’ என்றதும் படுக்கையறை வரை போய்விடுகிறதே! ‘சல்லாபம்’ இன்னும் மோசம். வடமொழியில் வெறும் உரையாடல்தான் அது, பாவம். ‘சில்மிஷம்’ போடலாமென்றால், செய்தித்தாள்கள் அதைப் பாலியல் தொல்லைக்கே எழுதி எழுதிக் கெடுத்துவிட்டன. ‘ஊடல்’ அழகான சொல். திருக்குறளின் கடைசி அதிகாரமே ‘ஊடலுவகை’. ஆனால் ஊட ஏற்கெனவே காதல் இருக்க வேண்டும், என் கதையில் இருவரும் அன்றுதான் சந்திக்கிறார்கள். ‘கடலை போடுவது’ ஓரளவு பொருந்துகிறது. அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது என்பதுதான் இடிக்கிறது.

காட்சி இதுதான்: அவன் குடையைத் தேடுகிறான். அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “பெயரைச் சொன்னால் தருவேன்” என்கிறாள். அவ்வளவுதான். தொடுதல் கிடையாது, ஆனால் இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

இதற்கு உங்கள் வீட்டில், ஊரில் என்ன சொல்வீர்கள்? ‘சரசம்’ என்பதைக் கொச்சையில்லாமல் பெரியவர்கள் பேசிக் கேட்டவர்கள் இருந்தால், அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். அகராதிப் பொருள் வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது.