கைபேசியில் மண்டி விலைப் பக்கம்: தமிழ் எழுத்து வெட்டுப்படுகிறது, திறக்கவும் நேரமாகிறது

மண்டிக்கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் மாமாவின் காய்கறி கமிஷன் மண்டிக்கு ஒரு விலைப் பக்கம் செய்திருக்கிறேன். ஏலம் முடிந்ததும் அன்றைய விலையைப் போடுவோம். அதைப் பார்த்துத்தான் பலர் மறுநாள் பறிப்புக்கு ஆள் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அதனால் பக்கம் சரியாக வந்தே ஆக வேண்டும்.

என் லேப்டாப்பில் நன்றாக இருக்கிறது. தோட்டத்தில் நிற்பவர் போனில் நிலைமை வேறு. 'கு', 'து' எழுத்துகளின் அடிப்பக்கம் வெட்டுப்படுகிறது. 'விலையை உறுதிப்படுத்துக' என்ற பட்டன் எழுத்து கட்டத்துக்கு வெளியே போகிறது. நீளமான பெயரை 12 எழுத்தில் வெட்டி மூன்று புள்ளி வைத்தேன், கொத்தவரங்காய் 'கொத்தவரங்காய...' என்று ஒற்றுப்புள்ளி இல்லாமல் நிற்கிறது. விலைப் பலகையைப் போட்டோ எடுத்து மேலே வைத்திருக்கிறேன், சிக்னல் குறைந்த இடத்தில் அது வரவே மாட்டேன் என்கிறது. இதற்கு நடுவில் மாமா "ஆப்பாகவே போட்டுவிடு" என்கிறார். எதிலிருந்து தொடங்குவது? கோடு (பக்கத்தின் நிரல்) இணைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சிக்காரி எழுதியது:

தம்பி, கோடு பார்த்தேன். முதலில் அந்தப் போட்டோவை எடுத்துவிடு. உன் பலகையில் இருக்கிற அத்தனை காய்க்கும் பெயரும் விலையும் எழுத்தாகவே போட்டால், சுருக்கி அனுப்பும்போது சில கிலோபைட்தான் வரும். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுக்கும், ஆனாலும் அது போட்டோவுக்குப் பக்கத்தில்கூட வராது. இன்னொன்று, போட்டோவில் இருக்கிற விலையைத் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும். விலை என்பது இந்தப் பக்கத்தின் உயிர். சர்வரிலிருந்து வரும் முதல் எச்டிஎம்எல்லிலேயே (பக்கத்தின் அடிப்படைக் கோப்பு) அது இருக்க வேண்டும். இப்போது நீ விலை இல்லாத வெறும் கூட்டை அனுப்பிவிட்டு, ஜாவாஸ்கிரிப்ட் (போனில் ஓடும் நிரல்) இறங்கி ஓடிய பிறகு விலையைக் கொண்டுவருகிறாய். 2 ஜிபி ரேம் போன் அதிலேயே திணறிப்போகும்.

அடுத்தது ஃபான்ட். மூன்று தடிமனில் தமிழ் வெப் ஃபான்ட் இறக்குகிறாய். இன்றைய ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் தமிழ் ஃபான்ட் உள்ளேயே இருக்கிறது. விலைப் பட்டியலுக்கு அது தாராளமாகப் போதும். எடை மட்டும் பிரச்சினை இல்லை. முதலில் போனின் ஃபான்டில் வரிகள் வரும், பிறகு உன் ஃபான்ட் வந்து சேரும்போது அகலம் மாறி வரிகள் கீழே நகரும். கத்தரிக்காய் விலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு முன்னால் வெண்டைக்காய் விலை வந்து நிற்கலாம். மண்டிப் பக்கத்தில் அப்படி நடக்கவே கூடாது.

இனி வெட்டுப்படும் எழுத்து. வரிக்கு 20 பிக்சல் உயரம் கட்டிப்போட்டு, மிஞ்சியதை மறை என்று சொல்லியிருக்கிறாய். ஆங்கில எழுத்துக்கு அந்த இடம் போதும். நமக்கு மேலே 'கி', 'கீ' சுழி, அதற்கும் மேலே ஒற்றுப்புள்ளி, கீழே 'கு', 'சூ', 'து'. லைன் ஹைட்டை (வரி உயரம்) எழுத்தளவைப் போல் 1.6 மடங்குக்குக் கொண்டு போ, கொஞ்சம் கூடினாலும் தப்பில்லை. நிலையான ஹைட்டை நீக்கிவிட்டு, குறைந்தபட்ச உயரமும் மேலே கீழே பேடிங்கும் (உள் இடைவெளி) மட்டும் கொடு. பட்டனுக்கும் அதேதான். கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி தொடும் இடத்துக்கு 48 டிபி (திரை அளவு அலகு) சொல்கிறது, ஆப்பிள் 44 பாயின்ட் சொல்கிறது. 48ஐ வைத்துக்கொள், வேலை செய்த கை, ஈரக் கை எல்லாம் அதைத் தொடப் போகிறது. அகலத்தைப் பூட்டாதே. 'உறுதிப்படுத்துக' ஒரே சொல், ஆனால் 360 பிக்சல் அகலத் திரையில் இரண்டு பட்டனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்கு எங்கே இடம்? ஒன்றன் கீழ் ஒன்றாக வை. அல்லது 'சரி' என்றே போடு, எல்லாருக்கும் புரியும். நீளமான சொல் அடுத்த வரிக்குப் போவதிலும் தவறில்லை. நம் செய்தித்தாள்கள் காலங்காலமாகச் சொல்லை நடுவில் மடக்கி, இணைப்புக் கோடு போடாமலே அச்சடிக்கின்றன. சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) ஓவர்ஃப்ளோ-ராப்பை எனிவேர் என்று வைத்தால் பிரவுசரும் கோடில்லாமல் மடக்கும், உயிர்மெய்யையும் உடைக்காது.

கொத்தவரங்காய்க்கு வருகிறேன். நம் கண்ணுக்கு அது 8 எழுத்து: கொ, த், த, வ, ர, ங், கா, ய். யூனிகோடில் (கணினி எழுத்துகளை எண்ணாக வைக்கும் பொது முறை) 13 குறியீடு. மெய்க்குப் பின்னால் புள்ளி தனிக் குறியீடு, கால் தனிக் குறியீடு. நீ 12இல் வெட்டினாய், கடைசிப் புள்ளி போய்விட்டது. பெயரை வெட்டாமல் மடக்குவதே நல்லது. வெட்டியே தீர வேண்டும் என்றால் சிஎஸ்எஸ்ஸின் எலிப்சிஸிடம் (தானே வெட்டி மூன்று புள்ளி வைக்கும்) விட்டுவிடு. ஜாவாஸ்கிரிப்டில்தான் வேண்டும் என்றால் இன்ட்டில் செக்மென்ட்டர் இருக்கிறது. அது எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டை மட்டும் அது நடுவில் பிரித்துவிடும் என்பதை நினைவில் வை. தேடல் பெட்டி வைத்திருக்கிறாயே, அங்கே இன்னொரு கண்ணி: 'கொ'வில் க-வுக்கு இருபுறமும் வரும் குறியை ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீட்டிலும் எழுதலாம், ஒரே குறியீட்டிலும் எழுதலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்க்கும்) முறைக்கு மாற்றிவிடு. மண்டியில் யாராவது பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத ஃபான்டில் தட்டச்சு செய்து தந்தால் அதையும் யூனிகோடுக்கு மாற்றியே ஏற்று. இல்லாவிட்டால் போனில் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும்.

வியூபோர்ட் டேகில் (போன் திரைக்குப் பக்கம் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் வரி) பெரிதாக்குவதைத் தடுத்திருக்கிறாய். ஐபோன் சஃபாரி ஐஓஎஸ் 10இலிருந்தே இந்தத் தடையைக் கண்டுகொள்வதில்லை, ஆண்ட்ராய்டு குரோம் மதித்துவிடும். வெயிலில், கண்ணாடி இல்லாமல் பார்க்கிறவர் இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பார். அந்த உரிமையைப் பறிக்காதே.

ஈரோட்டுக்காரன் எழுதியது:

ஆப் விஷயம் மட்டும் சொல்கிறேன். இப்போதைக்கு வேண்டாம். பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். நவம்பர் 2023க்குப் பிறகு திறந்த தனிநபர் பிளே கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதனை ஓட்டவும் வேண்டும் (முதலில் 20 பேர் என்றிருந்தது). மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் கேட்பது உண்மையில் திரையில் ஒரு ஐகானைத்தான் என்றால், மேனிஃபெஸ்ட் ஃபைலும் (பெயர், ஐகான் விவரம்) சர்வீஸ் வொர்க்கரும் (பின்னணியில் ஓடி, பக்கத்தைப் போனில் சேமித்து வைக்கும் நிரல்) சேர்த்தால் குரோமிலேயே முகப்புத் திரையில் போட்டுக்கொள்ளலாம்.

சர்வீஸ் வொர்க்கர் இருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் கடைசியாகப் பார்த்த விலை வரும். அங்கேதான் கவனம் வேண்டும். பழைய விலையை இன்றைய விலை என்று நம்பி ஒருவர் லோடு ஏற்றிவிட்டால் நஷ்டம் அவருக்கு. எனவே தேதியும் நேரமும் விலைக்கு மேலேயே பெரிதாக இருக்கட்டும். நெட் இல்லாமல் திறந்தால் 'இது கடைசியாகச் சேமித்த விலை' என்று தெளிவாகச் சொல்லட்டும். முதலில் நெட்டில் கேள், கிடைக்காவிட்டால் மட்டும் சேமித்ததைக் காட்டு என்று அமையுங்கள்.

விலை ஏற்றும் உங்கள் கணக்குப்பிள்ளை பக்கத்துக்கும் ஒன்று: விலைக் கட்டத்தில் இன்புட்மோட் டெசிமல் என்று கொடுத்தால் எண் கீபோர்டே திறக்கும். எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோனில் தொட்டவுடன் பக்கம் பெரிதாகி ஓடும்.

செவிவழி எழுதியது:

நான் பார்வையில்லாதவன், டாக்பேக் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி) வைத்துத்தான் போன் பயன்படுத்துகிறேன். எங்கள் வீட்டிலிருந்தும் மண்டிக்கு முருங்கை போகிறது, அதனால் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். போட்டோ எனக்கு 'படம்' என்று மட்டும் கேட்டது. விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு என்று நீங்கள் இணைத்த கோட்டில் எழுதியிருப்பதாக நண்பர் சொன்னார். எனக்கு எண் மட்டுமே வருகிறது. 'ஏற்றம் 4 ரூபாய்' என்று எழுத்திலும் போடுங்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது உதவும். பட்டியலை உண்மையான டேபிளாகச் செய்து தலைப்பு வரிசை கொடுத்தால், காய், விலை, ஏற்றம் என்று ஒவ்வொன்றாகத் தெளிவாகக் கேட்கும். பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள். இப்போது ஆங்கிலம் என்று இருக்கிறது, போனின் குரல் அதை நம்பிக் குழம்புகிறது.

மண்டிக்கணக்கு எழுதியது:

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. போட்டோவையும் ஃபான்டையும் எடுத்தாகிவிட்டது; மாமாவின் பழைய போனிலேயே உடனே திறக்கிறது. ஏற்றம் இறக்கம் எழுத்தில் போட்டுவிட்டேன், டேபிளும் மொழிக் குறியும் சரி செய்துவிட்டேன். செவிவழி அண்ணா, நேரம் கிடைத்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. அகர வரிசையில் அடுக்கினால் பறங்கிக்காய் முன்னாலும் பலாக்காய் பின்னாலும் வருகிறது. ல-வுக்குப் பிறகுதானே ற வர வேண்டும்?

பொள்ளாச்சிக்காரி எழுதியது:

ஆமாம், ல-வுக்குப் பிறகுதான் ற. யூனிகோடு அட்டவணையில் ர-வுக்கு அடுத்தே ற-வை வைத்திருக்கிறார்கள், ந-வுக்கு அடுத்து ன. ஜாவாஸ்கிரிப்டில் அடுக்கும் வெறும் சார்ட் கட்டளை அந்த வரிசையைப் பின்பற்றும். இன்ட்டில் கொலேட்டர் என்ற ஒப்பிடும் கருவியைத் தமிழுக்கு அமைத்து அதை வைத்து அடுக்கு, நம் வரிசையில் வந்துவிடும். ஆனால் உன் பக்கத்தில் அகர வரிசையை இரண்டாவது தேர்வாக வை. அன்று மண்டிக்கு அதிகம் வந்த காய் மேலே இருக்கட்டும், பெரும்பாலானவர்கள் தேடி வருவது அதைத்தான். எண்களை வலப்பக்கம் ஒட்டி, ஒரே அகல இலக்கமாக அமைத்தாயா? விலைகளை மேலும் கீழும் ஒப்பிட அது வேண்டும். மாற்றியதும் யுஎஸ்பி வழியாக மாமா போனை லேப்டாப்பில் இணைத்து, குரோம் இன்ஸ்பெக்ட்டில் (போனில் திறந்த பக்கத்தை லேப்டாப்பிலிருந்து சோதிக்கும் வசதி) பார்.