பகிர்வு ப்ராக்ஸி போட்டு கேம் ஆடினால் பிங் குறையுமா, அக்கவுண்ட் போகுமா?

மலைக்கோட்டை07

வணக்கம். திருச்சி, வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். வாலரண்ட் மும்பை சர்வரில் பகலில் பிங் (டேட்டா சர்வருக்குப் போய்வரும் நேரம்) 40 மில்லிசெகண்டை ஒட்டியே நிற்கிறது. ராத்திரி 9 மணிக்கு மேல் 90, 110 என்று ஏறி இறங்குகிறது. டெலிகிராம் சேனல் ஒன்றில் "கேமிங் சாக்ஸ்5, பிங் பாதியாகும்" என்று ஒருவகை ப்ராக்ஸி (நம் ட்ராஃபிக்கை வாங்கி அதன் ஐபியிலிருந்து அனுப்பும் இடைச் சர்வர்) விற்கிறார்கள். ஒரு ஐபியை 5 பேர் பகிர்ந்துகொண்டால் மாதம் 150 ரூபாய், தனி ஐபி என்றால் 600. நண்பர்கள் சேர்ந்து பகிர்வுத் திட்டத்தை எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். ஸ்டீமும், மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஒன்றும் (ஆஃப்லைன் மோட், அதாவது அக்கவுண்டைச் சரிபார்க்காமல் விட்டு, உள்ளே போய் /லாகின் அடிக்கிற வகை) இதே வழியில்தான் ஓடும்.

ராத்திரி பிங் உண்மையிலேயே குறையுமா? அதே ஐபியில் வேறு யாராவது சீட் பண்ணினால் எங்கள் அக்கவுண்டுக்கும் அடி விழுமா? பாஸ்வேர்டு விற்பவர் கைக்குப் போகுமா?

யுடிபி_வழிப்போக்கன்

அந்த ப்ராக்ஸி உங்கள் ஆட்டத்தைச் சுமக்குமா என்பதை முதலில் பாருங்கள். வாலரண்ட், சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) போன்றவை மேட்ச் நடக்கும்போது யுடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் வேகமாக அனுப்பும் முறை) பேசுகின்றன. லாகின், ஸ்டோர், அப்டேட் எல்லாம் டிசிபி (சேர்ந்ததை உறுதிசெய்து அனுப்பும் முறை), பெரும்பாலும் ஹெச்டிடிபிஎஸ் (என்க்ரிப்ட் செய்த வலை இணைப்பு). வழக்கமான ஹெச்டிடிபி ப்ராக்ஸி டிசிபியை மட்டும்தான் கடத்தும். விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ராக்ஸி முகவரியைப் போட்டால் பிரவுசரும் சில லாஞ்சர்களும் அந்தப் பக்கம் திரும்பும். மேட்ச் பழையபடி நேராகத்தான் போகும். பிங் அப்படியே இருக்கும், லாகின் மட்டும் முன்பின் தெரியாதவர் சர்வர் வழியாகச் சுற்றி வரும்.

சாக்ஸ்5 கொஞ்சம் வேறு. 1996-இல் வந்த அதன் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1928-லேயே யுடிபியைக் கடத்த "யுடிபி அசோசியேட்" என்ற கட்டளை உண்டு. ஆனால் விற்பவர் அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மலிவுத் திட்டங்களில் பலர் வைப்பதில்லை. எஸ்எஸ்ஹெச் டனலை (இன்னொரு சர்வருக்குப் போடும் என்க்ரிப்ட் செய்த டிசிபி வழி) சாக்ஸ் என்று விற்றால் அதில் யுடிபி கிடையவே கிடையாது. திறந்திருந்தாலும் அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் ஒரு டிசிபி இணைப்பு எழும்பும். அது உயிரோடு இருக்கும்வரைதான் யுடிபி வழி திறந்திருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் கூடுதலாக 10 பைட் ஏறும் (ஐபிவி4 கணக்கு). அந்த டிசிபி அறுந்தால் ரவுண்டு நடுவில் வெளியே விழுவீர்கள். 5 பேர் திட்டத்தில் 6-ஆவது சாதனம் நுழையும்போது பழைய இணைப்பை வெட்டுகிற மாதிரி லிமிட் வைத்திருந்தால், யார் எப்போது விழுவார்கள் என்று சொல்லவே முடியாது.

இன்னொன்று: கேமுக்குள் ப்ராக்ஸி போடுவதற்கு இடமே இல்லை. ட்ராஃபிக்கைத் திருப்பிவிட தனி மென்பொருள் வேண்டும். அது கேம் ப்ராசஸுக்குள் டிஎல்எல் (வெளிக் கோடு கொண்ட ஃபைல்) நுழைக்கும் வகையாக இருந்தால் வாலரண்டின் வான்கார்ட் மாதிரியான ஆன்டி-சீட் அதை நல்ல கண்ணோடு பார்க்காது.

வாங்குவதற்கு முன் ஒருநாள் ட்ரையல் கேளுங்கள். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து நெட்வொர்க் டேபில் கேம் ப்ராசஸை டிக் செய்து, மேட்ச் ஓடும்போது எந்த முகவரிக்கு பைட் போகிறது என்று பாருங்கள். ப்ராக்ஸி ஐபி தெரியாமல் வேறு முகவரி தெரிந்தால் உங்கள் 150 ரூபாய் பிரவுசருக்கு மட்டும்தான் வேலை செய்கிறது.

தூரக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. அதாவது 1,000 கி.மீ. போய்வர 10 மில்லிசெகண்ட். சென்னை–சிங்கப்பூர் கடலடி கேபிள் சுமார் 3,200 கி.மீ., போய்வர 32. ப்ராக்ஸி சிங்கப்பூரில், கேம் சர்வர் மும்பையில் என்றால் பிங் குறையாது, கூடத்தான் செய்யும். உங்கள் ஐஎஸ்பி (நெட் தரும் நிறுவனம்) கோணலான ரூட்டில் அனுப்பி, ப்ராக்ஸி நேர் ரூட்டில் உட்கார்ந்திருந்தால் மட்டுமே லாபம். அப்படி நடப்பது உண்டு. உங்கள் விஷயத்தில் நடக்கிறதா என்று அளக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பூட்டுக்காரர்

பாஸ்வேர்டு கேள்விக்கு வருகிறேன். ஸ்டீம்/வாலரண்ட் லாகின், மைன்கிராஃப்ட், ப்ராக்ஸியின் சொந்த பாஸ்வேர்டு என மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

ஸ்டீம், வாலரண்ட் லாகின் ஹெச்டிடிபிஎஸ்ஸில் போகிறது. ப்ராக்ஸிக்காரருக்கு நீங்கள் எந்தத் தளத்தோடு, எப்போது, எவ்வளவு பேசினீர்கள் என்பது தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. இந்தப் பாதுகாப்பு ஒரே ஒரு செயலில் உடையும்: "இந்த சர்ட்டிஃபிகேட்டை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று அனுப்பி, நீங்கள் அதை விண்டோஸின் ட்ரஸ்டட் ரூட் பட்டியலில் ஏற்றிவிட்டால், அவர் நடுவில் நின்று எல்லாவற்றையும் பிரித்துப் படிக்கலாம், பாஸ்வேர்டு மட்டுமில்லை, லாகின் ஆன பிறகு வரும் செஷன் டோக்கனையும் (மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் சாவி) சேர்த்து. டோக்கன் போனால் இரண்டடுக்கு ஓடிபியும் காப்பாற்றாது. கேமிங் ப்ராக்ஸிக்கு சர்ட்டிஃபிகேட் தேவையே இல்லை. கேட்டாலே விலகிவிடுங்கள்.

மைன்கிராஃப்ட்தான் உண்மையான ஓட்டை. ஜாவா எடிஷன் டிசிபி, போர்ட் 25565, அதனால் சாக்ஸ்5 வழியாக நன்றாகவே ஓடும். ஆன்லைன் மோட் சர்வரில் நுழையும்போதே கிளையண்டும் சர்வரும் சாவி மாற்றிக்கொண்டு என்க்ரிப்ட் செய்துகொள்கின்றன. ஆஃப்லைன் மோடில் வழக்கமாக அந்தப் படியே நடப்பதில்லை. நீங்கள் அடிக்கும் /லாகின் வரி, பாஸ்வேர்டோடு, வெறும் எழுத்தாக ப்ராக்ஸியைத் தாண்டிப் போகிறது. அங்கே பாக்கெட் கேப்சர் ஓடினால் தேடக்கூட வேண்டாம், கண்ணில் படும். அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வைத்திருப்பவர்கள் நிறைய. ப்ராக்ஸி போட்டாலும் போடாவிட்டாலும் அந்த சர்வருக்குத் தனி பாஸ்வேர்டு வையுங்கள், இன்றைக்கே.

ப்ராக்ஸிக்குக் கொடுக்கும் யூசர்நேம்-பாஸ்வேர்டும் (ஆர்எஃப்சி 1929) என்க்ரிப்ஷன் இல்லாமல்தான் போகிறது. சாக்ஸ்5 தன்னளவில் எதையும் மறைக்காது. காலேஜ் வைஃபையில் பயன்படுத்தினால் அந்த நெட்வொர்க்கில் ஒட்டுக்கேட்பவருக்கும் தெரியும்.

மலைக்கோட்டை07

விளக்கத்துக்கு நன்றி அண்ணா. விற்பவரிடம் யுடிபி பற்றிக் கேட்டேன், நேரான பதில் இல்லை. அதற்குப் பதிலாக "ரெசிடென்ஷியல் ஐபி தர்றோம், எந்த கேமும் ப்ராக்ஸின்னு கண்டுபிடிக்காது, எங்க ஆப்பை இன்ஸ்டால் பண்ணினா ஃப்ரீ" என்கிறார்.

பூட்டுக்காரர்

அந்த ஆப்பைத் தொடாதீர்கள் தம்பி. ரெசிடென்ஷியல் ஐபி என்றால் யாரோ ஒருவர் வீட்டு இணைப்பு. இலவசமாகக் கொடுத்தால், அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் நீங்களேதான்: உங்கள் கம்ப்யூட்டர் வழியாக மற்றவர்களின் ட்ராஃபிக் வெளியே போகும்.

911 எஸ்5 என்ற சேவை இப்படித்தான் நடந்தது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், பாலடின்விபிஎன், ப்ராக்ஸிகேட், ஷீல்டுவிபிஎன், ஷைன்விபிஎன் என்ற பெயர்களில் இலவச ஆப்களைக் கொடுத்து, நிறுவியவர்களின் கம்ப்யூட்டர்களை அவர்களுக்கே தெரியாமல் ப்ராக்ஸியாக வாடகைக்கு விட்டார்கள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை அதை முடக்கியபோது வெளியிட்ட கணக்கில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபிகள். அவற்றின் வழியே நிதி மோசடியும் அடையாளத் திருட்டும் நடந்திருந்தன. 2015-இல் ஹோலா விபிஎன்னும் இலவசப் பயனர்களின் இணைப்பை வேறு பெயரில் விற்றது வெளியே வந்தது.

நம் ஊர் நிலையில் இதன் பொருள்: யாரோ உங்கள் ஐபியிலிருந்து திருட்டு கார்டு போட்டுப் பார்த்தால், போலீஸ் ஐஎஸ்பியிடம் கேட்டு வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். இந்தியாவில் விபிஎன், விபிஎஸ் (வாடகை சர்வர்) விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. டெலிகிராமில் பெயரில்லாமல் விற்பவரிடம் அப்படி ஒரு பதிவு இருக்கும் என்று நம்பி, "அது நான் இல்லை" என்று நிரூபிக்க முடியாது.

தடைப்பட்டியல்

தடை பற்றி. ஸ்டீமின் வாக் (அதன் ஆன்டி-சீட்) தடை அக்கவுண்டின் மேல் விழுவது, ஐபி மேல் இல்லை. அதனால் பக்கத்து ஆள் சீட் பண்ணியதற்கு உங்களுக்கு வாக் வராது. வான்கார்ட் தடையில் ஹார்டுவேர் அடையாளமும் சேரும். அதுவும் அவருடைய கம்ப்யூட்டரோடு போகும். ஆனால் கம்யூனிட்டி சர்வர்கள், குறிப்பாக மைன்கிராஃப்ட், ஐபியைத்தான் தடை செய்கின்றன. அங்கே ஒருவர் செய்தது ஐந்து பேருக்கும் விழும். மைன்கிராஃப்ட் சர்வர் செட்டிங்ஸில் "ப்ரிவென்ட்-ப்ராக்ஸி-கனெக்ஷன்ஸ்" என்று ஒரு வரி உண்டு. அதை ஆன் செய்த ஆன்லைன் மோட் சர்வரில், லாகின் ஒரு நெட்வொர்க்கிலிருந்தும் ஆட்டம் இன்னொன்றிலிருந்தும் வந்தால் தானாகவே வெளியே தள்ளிவிடும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது ஸ்டீம். இருப்பிடத்தை மறைக்க ஐபி ப்ராக்ஸி பயன்படுத்தக் கூடாது என்று அதன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. மீறினால் அக்கவுண்டை முடக்கலாம். விலை குறைந்த நாட்டு ஐபியில் கேம் வாங்குவதுதான் அவர்கள் முதலில் பார்ப்பது. ப்ராக்ஸி ஆனில் இருப்பதை மறந்து ஒரு கேம் வாங்கினாலும் அவர்கள் பார்வையில் அதுவும் அதேதான். ப்ராக்ஸி எடுத்தே தீருவீர்கள் என்றால் ஸ்டீமை அதன் வழியே விடாதீர்கள். சிஎஸ்2, டோட்டா 2 ஆட்டங்களில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் சொந்த ரிலே நெட்வொர்க் வழியாகத்தான் பாக்கெட்டுகளைக் கொண்டுபோகிறது, உங்கள் ஐபி எதிராளிக்குத் தெரியாது. டிடாஸ் (ஐபி மேல் ட்ராஃபிக்கைக் கொட்டி முடக்கும் தாக்குதல்) பயத்துக்காக அங்கே ப்ராக்ஸி தேவையே இல்லை.

யுடிபி_வழிப்போக்கன்

இப்போது ராத்திரி பிங்கைப் பிடிப்போம். வின்எம்டிஆர் இறக்குங்கள்; சர்வர்வரை வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிலும் (ஹாப்) எவ்வளவு தாமதம், எவ்வளவு பாக்கெட் தொலைகிறது (லாஸ்) என்று காட்டும். வைஃபை வேண்டாம், லேன் கேபிள். வீட்டில் மற்ற எல்லா சாதனங்களையும் நெட்டிலிருந்து துண்டியுங்கள். யாராவது போட்டோ பேக்கப் ஏற்றிக்கொண்டிருந்தால் உங்கள் ரவுட்டரிலேயே வரிசை நின்று, ஐஎஸ்பி குற்றம் போலத் தோன்றும். ரிசோர்ஸ் மானிட்டரில் பார்த்த கேம் சர்வர் ஐபியைப் போட்டு பகலில் 500 பாக்கெட், ராத்திரி 10 மணிக்கு 500 பாக்கெட் ஓட்டுங்கள்.

படிக்கும் விதம்: நடுவில் ஒரே ஒரு ஹாப்பில் 40% லாஸ் காட்டி, அடுத்த ஹாப்பில் 0 என்றால் அதை விட்டுவிடுங்கள். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஹாப்பில் தொடங்கி கடைசிவரை தொடரும் லாஸ்தான் உண்மையான லாஸ். கடைசி ஹாப் பதிலே சொல்லாவிட்டால், பதில் சொன்ன கடைசி ஹாப்பைப் பாருங்கள். சராசரியை மட்டும் பார்க்காதீர்கள், பெஸ்ட்டுக்கும் வொர்ஸ்ட்டுக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். வாலரண்ட் சர்வர் 128 டிக், அதாவது நொடிக்கு 128 முறை ஆட்டத்தைப் புதுப்பிக்கும், ஒரு டிக் 7.8 மில்லிசெகண்ட். பிங் 40-க்கும் 90-க்கும் இடையே ஆடுவது, நிலையாக 70-இல் நிற்பதைவிட மோசம்.

மலைக்கோட்டை07

ஓட்டிவிட்டேன். லேன் கேபிள், மற்ற சாதனங்கள் ஆஃப். ஹாப் 1 (192.168.1.1) பகலும் ராத்திரியும் 1-க்குள். ஹாப் 2 பகலில் சராசரி 4, ராத்திரி 52, வொர்ஸ்ட் 140, லாஸ் 4%. அதற்கு அப்புறம் எல்லா ஹாப்பிலும் ராத்திரி அதே 3-4% லாஸ் தொடர்கிறது.

யுடிபி_வழிப்போக்கன்

அப்படியென்றால் எந்த ப்ராக்ஸியும் உதவாது, தனி ஐபி 600 ரூபாய்த் திட்டமும்தான். நெரிசல் ஹாப் 2-லேயே இருக்கிறது, அதாவது உங்கள் வீட்டுக்கும் ஐஎஸ்பியின் முதல் ரவுட்டருக்கும் இடையில். ப்ராக்ஸிக்குப் போகும் பாக்கெட்டும் அந்தக் கழுத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

லாஸ் 5-ஆவது, 6-ஆவது ஹாப்பில் தொடங்கியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்: மும்பையில் ஒரு சின்ன விபிஎஸ் எடுத்து வயர்கார்டு (ஒரு விபிஎன் மென்பொருள்) போடுவது. அது யுடிபியை யுடிபியாகவே கொண்டுபோகும், யாரோடும் பகிர வேண்டாம், சாவி உங்களிடமே. கேம் சர்வர் ஐபிகளை மட்டும் அலவ்டு ஐபிஸில் எழுதினால் ஸ்டீமும் பேங்க் ஆப்பும் நேர்வழியிலேயே போகும். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) வழக்கமாக 1420 பைட். பிபிபிஓஇ (ரவுட்டரில் யூசர்நேம்-பாஸ்வேர்டு போட்டு இணையும் வகை) இணைப்பில் 1412-ஆகக் குறைக்காவிட்டால் பெரிய பாக்கெட்டுகள் உடைந்தோ தொலைந்தோ போகும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் சொல்கிறேன், உங்களுக்கு இப்போது வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஜிபான் ஃபைபரில் ஒரு போர்ட்டின் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடை 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. அதற்கு மேலே உள்ளூர் ஆபரேட்டரின் அப்லிங்க் (அவரை இணையத்தோடு சேர்க்கும் இணைப்பு) இன்னும் குறுகலாக இருக்கலாம். முதலில் மோடமில் ஆப்டிகல் பவர் (வந்து சேரும் ஒளியின் வலு) பாருங்கள். −27 டிபிஎம்முக்குக் கீழே போயிருந்தால் கம்பியிலோ கனெக்டரிலோ கோளாறு. ஆனால் உங்களுக்குப் பகலில் சரியாக இருப்பதால் அது இல்லை என்றே நினைக்கிறேன். பகல், ராத்திரி இரண்டு வின்எம்டிஆர் டெக்ஸ்டையும் இணைத்து, "ஹாப் 2-இல் ராத்திரி 9 முதல் 4% லாஸ், அப்லிங்க் நெரிசலைச் சோதிக்கவும்" என்று ஆபரேட்டருக்கு எழுத்தில் கொடுத்து டிக்கெட் எண் வாங்குங்கள். போனில் "நெட் ஸ்லோ" என்றால் ஸ்பீட் டெஸ்ட் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். பக்கத்து வீட்டில் வேறு ஐஎஸ்பி இருந்தால் அதே நேரத்தில் அங்கேயும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஹாப் 2 ராத்திரியிலும் 5-க்குள் நின்றால், அந்த 150 ரூபாயை இணைப்பு மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.