புதுப்பிப்பு: கூம்ப்ஸ் 4+ என்றால் நோய் முற்றிவிட்டதா?

தன் சிவப்பணுவை உடலே உடைக்கும் ரத்தச்சோகை பற்றிய என் முந்தைய இழையில் அதிகம் வந்த கேள்வி இது. கூம்ப்ஸ் என்பது சிவப்பணு மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, 1+ முதல் 4+ வரை அதன் வலிமை. 4+ என்றால் முற்றிவிட்டது என்று பொருளில்லை. கூம்ப்ஸ் 4+ இருந்தும் ஹீமோகுளோபின் 11 இருக்கலாம். 1+ உள்ளவருக்கு 5-க்கு இறங்கலாம். கடுமையைச் சொல்வது ஹீமோகுளோபின் இறங்கும் வேகம், அணு உடைவதைக் காட்டும் எல்டிஹெச், மறைமுக பிலிருபின், ஹாப்டோகுளோபின் அளவுகள், ரெட்டிகுலோசைட் (மஜ்ஜை புதிதாக அனுப்பும் இளம் சிவப்பணு).

கடைசியதை அப்படியே படிக்காதீர்கள். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 18, ரெட்டிக் 10% என்றால், இயல்பான பிசிவி 45-ஐ வைத்து 10×18÷45 = 4. இளம் அணுக்கள் சீக்கிரமே வெளியே வந்து கூடுதல் நாள் சுற்றுவதால் இன்னும் 2.5-ஆல் வகுத்தால் 1.6. இது 2-க்குக் கீழே, மஜ்ஜை ஈடுகொடுக்கவில்லை. 10% பார்த்து நிம்மதியடைவது தப்பு.

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கமிருந்து தேனிக்குச் சாம்பிள் இறக்குபவர்களுக்கு: குளிர் வகை (குளிரில் ஆன்டிபாடி சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் வகை) என்று சந்தேகமிருந்தால் ஐஸ் பெட்டி கூடவே கூடாது. டியூபைச் சாய்த்தால் சுவரில் ரவை ரவையாக ஒட்டும், கதகதப்பில் கரையும். மெஷினில் சிவப்பணு எண்ணிக்கை குறைந்து, எம்சிவி (அணுவின் சராசரி அளவு) ஏறி, எம்சிஹெச்சி (அணுக்களில் ஹீமோகுளோபின் செறிவு) 36-ஐத் தாண்டும். 37 டிகிரியில் அரை மணி வைத்து மறுபடி ஓட்டுங்கள். டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு) பார்க்கும் சீரம் டியூபை, உறைந்து சீரம் பிரிக்கும்வரை 37-லேயே வைக்கணும். குளிர்ந்தால் ஆன்டிபாடி அணுக்களில் ஒட்டி டைட்டர் பொய்யாகக் குறையும். அந்தச் சூட்டுக்காக பிளாஸ்க் வெந்நீரைக் கைப்பக்குவமாக ஊற்றாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள்.

மலை வளைவுகளில் குலுங்கி டியூபுக்குள்ளேயே அணு உடைந்தாலும் எல்டிஹெச் எகிறும். சீரத்தைப் பிரித்து அனுப்புங்கள்.