மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கலம்: பார்க்கப் போகலாமா, வேண்டாமா?

கோவை கதிர்:
பிப்ரவரியில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். மாத்தறைக்குப் பக்கத்தில் மிரிஸ்ஸ என்ற ஊரில் காலையில் படகு ஏறினால் நீலத் திமிங்கலம் பார்க்கலாமாம். பையன் ஒரே பிடிவாதம். மனைவியோ, துரத்திப் பிடித்துப் பார்ப்பது பாவம் என்கிறாள். போனவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

திருமலை ஆனந்தி:
போக வேண்டாம். போய் வந்த பிறகுதான் சொல்கிறேன். விடிய ஆறரைக்குப் புறப்பட்டோம். இரண்டு மணித்தியாலம் கழித்துத் தூரத்தில் ஒரு மூச்சு, இரண்டு மாடி உயரத்துக்கு நீர்ப்புகை. உடனே எங்கள் படகு வேகம் எடுத்தது. நாலா பக்கமிருந்தும் மற்றப் படகுகள் வந்தன. எண்ணினேன், பதினொன்று. அது வாலைத் தூக்கிக்கொண்டு கீழே போனதும் எண்ணெய் ஊற்றின மாதிரி நீரின் மேல் ஒரு வட்டம் வழுவழுவென்று கிடந்தது. அந்த வட்டத்தின் மேலேயே ஒரு படகு ஏறிப் போனது. 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று 2012 முதல் விதி இருக்கிறதே என்று படகுக்காரரிடம் கேட்டேன். "நாங்கள் நின்றால் பக்கத்துப் படகு போகும் மிஸ், பிறகு எங்கள் படகில் வந்தவர்களே எங்களை ஏசுவார்கள்" என்றார்.

தெற்குச் சமுத்திரத்து நீலத் திமிங்கலங்கள் துருவத்துப் பக்கம் தின்றுவிட்டு, குட்டி ஈன வெப்பக் கடலுக்கு வரும். இங்குள்ளவை அப்படியில்லை. ஆண்டு முழுக்க இந்து சமுத்திரத்தின் வடக்கிலேயே சுற்றுகின்றன. சின்ன இறால் கூட்டத்தைத் தேடித்தான் மூழ்குகின்றன. சாப்பிடுகிறவன் இலையைச் சுற்றிப் பதினொரு பேர் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நின்றால் அவனுக்குச் சோறு இறங்குமா?

வெலிகம நானா:
தங்கச்சி சொல்வது பொய்யில்லை, அந்தக் கூத்து நடக்கத்தான் செய்கிறது. ஆனால் என் மச்சான் படகு வைத்திருக்கிறார், அதற்கு முன் சூரை மீன் பிடித்தவர். அந்தக் காலத்தில் அவருக்குத் திமிங்கலம் என்றால் வலையை நாசமாக்கும் சனியன். இன்று செத்தது ஒன்று மிதந்தால் முதலில் ஃபோன் எடுப்பவர் அவர்தான். வயிற்றுப்பாடு அதில் இருப்பதால் வந்த அக்கறை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அக்கறை அக்கறைதானே?

அதைக் கொல்வதும் எங்கள் படகு இல்லை. இலங்கையின் தெற்குக் கோடியான தேவேந்திரமுனைக்கு வெளியே இரவு பகலாகப் போகிற கப்பல்கள். 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன் கப்பலின் மூக்கில் செத்த நீலத் திமிங்கலம் ஒன்று மாட்டிக் கிடந்ததே, மறந்துவிட்டீர்களா?

இரண்டாம் மேட்:
தூத்துக்குடிக்காரன், கப்பலில் வேலை. நானா, நாங்கள் ஒன்றும் வேண்டுமென்றே இடிக்கவில்லை. முழு வேகத்தில் போகும் பெரிய கப்பல் நிற்கக் கிலோமீட்டர் கணக்கில் தூரம் வேண்டும். முன்னால் அடுக்கியிருக்கும் பெட்டிகளைத் தாண்டி, இரவில், முதுகு மட்டும் தெரிகிற ஒன்றை எப்படிப் பார்ப்பது? இடித்தாலும் பிரிட்ஜில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், நிற்பவனுக்கு ஓர் அதிர்வு கூடத் தெரியாது. கொழும்பில் அந்தக் கப்பல்காரர்களுக்கும் உள்ளே வந்த பிறகுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேகத்தை மணிக்குப் பத்து கடல் மைலுக்குக் குறை என்பார்கள். கப்பல் தாமதமானால் யார் பதில் சொல்வது?

திருமலை ஆனந்தி:
நிறுத்தச் சொல்லவில்லை தம்பி, தள்ளிப் போகச் சொல்கிறோம். ஆஷா டி வொஸ் போன்ற ஆய்வாளர்கள் பல வருடமாகக் கேட்பது இதைத்தான். அந்தப் பக்கம் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிறது. தீனி அங்கே, திமிங்கலம் அங்கே, கப்பல் பாதையும் அங்கேயே. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி 2022இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிவிட்டது. அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

இரண்டாம் மேட்:
சரி, வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். மலாக்காவிலிருந்து சூயஸ் போகிற கப்பல் 15 மைல் தெற்கே விலகினால் பயணம் 15 மைல் அதிகமாகிவிடாது. நீளமான முக்கோணம், கூடுவது சில மைல்தான். எரிபொருள் கணக்கிலும் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொழும்புக்குள் போகிற கப்பல் எப்படியும் கரைப் பக்கம் திரும்பியாக வேண்டும். அதற்கு வழி சொல்லுங்கள்.

வெலிகம நானா:
அதோடு காலித் துறைமுகத்தில் நங்கூரம் போடாமலே ஓடுகிற கப்பலுக்குத் தண்ணீர், சாமான், ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கப்பல் இன்னும் 15 மைல் தள்ளிப் போனால் அவர்கள் படகு எவ்வளவு தூரம் ஓட வேண்டும்?

திருமலை ஆனந்தி:
நானா, இப்பத்தானே கப்பலைப் பிடி என்றீர்கள்? கப்பலைப் பிடித்தால் காலிக்காரன் பாவம், படகைப் பிடித்தால் மச்சான் பாவம். அப்ப யாரைத்தான் பிடிப்பது?

கதிர், உங்களுக்கு ஒன்று. திருகோணமலையில் கோணேசர் கோயில் பாறையில் நின்றே சில நாட்களில் நீலத் திமிங்கலம் பார்க்கலாம். படகும் வேண்டாம், டீசல் புகையும் வேண்டாம்.

வெலிகம நானா:
பிப்ரவரியிலா? உங்கள் பக்கத்துக் காலம் மார்ச்சுக்குப் பிறகு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை எங்கள் பக்கம்தான். ஆளை வீணாகப் பாறையில் நிற்க வைக்காதீர்கள்.

கோவை கதிர்:
டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மாதத்தை மாற்ற முடியாது. படகில் ஏறுவதற்கு முன் ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன்: "ஏற்கெனவே நாலு படகு நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

வெலிகம நானா:
கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள், சிரிக்காதவன் படகில் ஏறுங்கள். என் மச்சான் சிரிப்பாரா மாட்டாரா என்று எனக்கே சந்தேகம்தான். பையனுக்கு வாந்தி மாத்திரை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். படகில் தருகிற இஞ்சி பிஸ்கட்டை நம்ப வேண்டாம்.

திருமலை ஆனந்தி:
நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.